சஸ்பென்ஷன் மவுண்ட் இற்றுப்போனால்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

பழைய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது "டொக்" என்றால் எல்லோரும் முதலில் ஷாக் அப்சார்பரைத்தான் சந்தேகப்படுவோம். அப்புறம் புஷ் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை), லிங்க், பால் ஜாயின்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றுவோம். எல்லாம் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால், அந்தப் பாகங்களைப் பாடியோடு பிடித்துக்கொண்டிருக்கும் தகட்டை, அதாவது சஸ்பென்ஷன் மவுண்டை, பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. என் பழைய காரில் பின்சக்கரத்தைப் பிடிக்கும் டிரெய்லிங் ஆர்மின் புஷ்ஷை ஒரே வருடத்தில் இரண்டு முறை மாற்றினேன். இரண்டாவது முறை போல்டை இறுக்கும்போதுதான் கவனித்தேன்: ஸ்பேனரைத் திருப்பத் திருப்ப, போல்டோடு சேர்ந்து அதைப் பாடியோடு பிடிக்கும் பிராக்கெட்டும் ஒரு நூல் அசைந்தது. மேலே இருந்த கறுப்பு அண்டர்கோட்டை, அதாவது வண்டியின் அடிப்பாகத்துப் பூச்சை, சுரண்டினேன். பொருக்குப் பொருக்காகத் துரு கொட்டியது. நடுவில் ஒரு பழைய ஒட்டுத் தகடு. முன்பு யாரோ துருவை வெட்டி எடுக்காமலேயே அதன் மேல் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, கறுப்பு பூசி மூடியிருந்தார்கள்.

மவுண்ட் இருக்கும் இடம் துருப்பிடிக்கக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் பாரம் அதிகம் என்பதால் இரண்டு மூன்று தகடுகளை அடுக்கி ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சக்கரம் வாரி இறைக்கும் சேறு அதன் மேல் அப்பி, காயவே விடாது. உப்பு சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளே உருவாகும் துரு தகடுகளை ஆப்பு வைத்ததுபோல் பிளக்கும். பெட்டி வடிவ சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) என்றால் இது உள்ளிருந்து வெளியே வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதித் தகடு போயிருக்கலாம்.

அடியில் படுக்கும் முன்

துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே ஆபத்தானது. ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை, நொறுங்கும் சத்தம் கேட்கிறது என்றால் உடனே நிறுத்தி இறக்கிவிடுங்கள். அங்கே தகடு மடங்குகிறது. அதுவும் ஓர் அறிகுறிதான், குறித்துக்கொள்ளுங்கள். நல்ல இரும்பு இருக்கும் வேறு இடத்தில் ஏற்றி, கெட்டியான தரையில் ஸ்டாண்டு போட்டு, வண்டியைத் தள்ளி ஆட்டிப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடப் படுக்காதீர்கள். பழுது பார்க்கப்போகும் மவுண்டுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு வைக்காதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மல்லாந்து படுத்துத் தட்டும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும்.

எங்கே, எப்படித் தட்டிப் பார்ப்பது

கருவிகள் பெரிதாக எதுவும் வேண்டாம். சின்னச் சுத்தியல், பழைய ஸ்க்ரூடிரைவர், சுரண்டி, கம்பி பிரஷ், நல்ல டார்ச். உள்ளே நுழைத்துப் பார்க்கும் குழாய்க் கேமரா இருந்தால் நல்லது. பெட்டிச் சேசிஸின் வடிகால் ஓட்டை வழியாக விட்டால் உள்நிலைமை தெரிந்துவிடும்.

முதலில் சேற்றைக் கழுவிக் காயவிடுங்கள். அப்புறம் மவுண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, நல்ல தகடு என்று தெரிந்த இடத்தில் லேசாகத் தட்டுங்கள். "டிங்" என்று தெளிவாகக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு, இரண்டு விரல் அளவு நகர்ந்து நகர்ந்து மவுண்டை நோக்கித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் மங்கி "தத்" என்று அடங்கும். சுத்தியல் துள்ளித் திரும்பாது, அமுங்கி நிற்கும். அந்த எல்லையைச் சாக்பீஸால் கோடு போடுங்கள். நான்கு பக்கமிருந்தும் இப்படித் தட்டி வந்தால், கெட்டுப்போன பகுதி ஒரு வரைபடம் போலத் தகட்டின் மேலேயே கிடைத்துவிடும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் துருவைவிட அந்த வட்டம் இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும்.

அந்த வட்டத்துக்குள் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். கை பலத்துக்கே உள்ளே போனால் தகடு இற்றுவிட்டது. ரப்பர் போன்ற தடித்த அண்டர்கோட் இருக்கும் இடங்களைக் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். அது ஒரு பக்கம் விரிசல் விட்டால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடும். மேலே வழவழப்பாகவும் அடியில் வெறும் பொருக்காகவும் இருக்கும். சுரண்டிப் பார்க்காமல் அந்த இடத்தை நல்லது என்று முடிவு கட்டக் கூடாது.

எவ்வளவு தூரம் வரை பார்ப்பது? பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனையான எம்.ஓ.டி.யில், சஸ்பென்ஷன் மவுண்டைச் சுற்றி 30 செ.மீ.க்குள் பாரம் தாங்கும் பகுதி மோசமாக அரித்திருந்தால் தேர்ச்சி கிடையாது. எங்கே இருந்தாலும் நல்ல அளவுகோல் அது. போல்டு ஓட்டையை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாமல், சுற்றிலும் அந்த 30 செ.மீ.யைத் தட்டிப் பாருங்கள்.

அறிகுறி: மேடு பள்ளத்தில் "டொக்" சத்தம்

மிகவும் பொதுவான அறிகுறி. மிகவும் குழப்பும் அறிகுறியும் இதுதான், ஏனென்றால் பத்துப் பாகங்கள் இதே சத்தத்தைப் போடும். பாகமா, மவுண்டா என்று பிரிப்பதற்கு நான் நம்பும் வழி சாட்சிக் கோடு. பிராக்கெட்டின் விளிம்பைச் சுத்தம் செய்து, பிராக்கெட்டிலிருந்து பாடித் தகடு வரை தொடர்ச்சியாக ஒரு மெல்லிய வெள்ளை பெயின்ட் கோடு இழுங்கள். அதே போல போல்டு தலையிலிருந்து வாஷர் வழியாகப் பிராக்கெட் வரை இன்னொரு கோடு. பெயின்ட் நன்றாகக் காயட்டும். பிறகு மெதுவாக, அக்கம்பக்கத்திலேயே, மேடு பள்ளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள்.

போல்டுக் கோடு உடைந்திருந்தால் போல்டு தளர்ந்திருக்கிறது. பிராக்கெட் கோடு உடைந்திருந்தால், அல்லது அந்த இடத்தில் பெயின்ட் பொடியாக உதிர்ந்திருந்தால், பிராக்கெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் அசைவு இருக்கிறது. இரண்டும் அப்படியே இருந்தால் புஷ், லிங்க் பக்கம் திரும்பலாம். ஆனால் தட்டிப் பார்க்கும்போதே ஸ்க்ரூடிரைவர் உள்ளே போன வண்டியை இந்தச் சோதனைக்காகச் சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள். அதற்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. வண்டியைத் தூக்கி, சக்கரங்கள் தொங்கும்போது பார்த்தால் விரிசல் மூடிக்கொள்ளும். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அதனால் சக்கரத்தின் மேல் பாரம் இருக்கும் நிலையிலும், அதாவது சாய்தளத்தில் ஏற்றியோ பள்ளத்துக்கு மேல் நிறுத்தியோ, ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருவர் வண்டியின் மூலையை அழுத்தி ஆட்டட்டும். இன்னொருவர் பிராக்கெட்டும் தகடும் சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்து உணரட்டும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவில் மட்டும் விரல் போகக் கூடாது.

அறிகுறி: ஒரு மூலை தாழ்ந்து நிற்கிறது

சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் ஹப் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம் இற்றிருக்கலாம், ஸ்ட்ரட் டவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் உச்சியைப் பிடிக்கும் பாடிப் பகுதி) மேலே உந்தப்பட்டிருக்கலாம். காயில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று பெரும்பாலும் கிண்ணத்துக்குள்ளேயே உடையும். அங்கே சேறு தங்கி இரண்டையும் சேர்த்துத் தின்னும். ஆகவே உடைந்த ஸ்பிரிங்கை மாற்றும்போது கிண்ணத்தையும் தட்டிப் பாருங்கள்.

கிண்ணம் இற்றுப்போன வண்டியை ஓட்டக் கூடாது. ஸ்பிரிங் நழுவினால் டயர் மேல் பாயும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது ஸ்பிரிங் அமுக்கியால் ஸ்பிரிங்கை அமுக்கிய பிறகே நடு நட்டில் கை வைக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை ஆளைக் கொல்லும்.

அறிகுறி: பானெட்டைத் திறந்தால் டவர் மேல் வீக்கம்

மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளில் சக்கரம் மேல்நோக்கி வாங்கும் அதிர்ச்சி பெரும்பாலும் டவர் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. மூன்று அல்லது நான்கு நட்டுகளைச் சுற்றி பெயின்ட் வட்டமாக வெடித்திருந்தால், தகடுகள் சேரும் தையலை அடைக்கும் பூச்சு பிளந்து பழுப்பு நீர் கசிந்திருந்தால், தகடு காளான் குடைபோல மேலே எழும்பியிருந்தால், டவர் தளர்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டொய்ங்" என்று ஸ்பிரிங் விடுபடும் சத்தம் கேட்டால் முதலில் மேல் மவுண்டின் பேரிங்கைப் பாருங்கள், அது போனாலும் இதே சத்தம்தான். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் டவர் மேல் உள்ளங்கையை வைக்கட்டும். பேரிங் என்றால் நடுவில் மட்டும் அதிர்வு. தகடு என்றால் கை முழுக்க எழும்பி இறங்கும்.

மேலே நன்றாக இருக்கிறது என்பதால் அடியில் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சக்கர வளைவின் உள்ளிருந்து, டவரும் உள் மட்கார்டும் சேரும் தையலைச் சுரண்டிப் பாருங்கள். சேறு தங்குவது அங்கேதான்.

அறிகுறி: பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மறுபக்கம்

கேலிப்பர் பிடித்துக்கொண்டாலும் வண்டி இழுக்கும். ஆனால் அது எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கும். பிரேக்கில் ஒரு பக்கம், வேகம் எடுக்கும்போது எதிர்ப்பக்கம் என்றால் சக்கரமே முன்னும் பின்னும் நகர்கிறது என்று அர்த்தம். சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் பிராக்கெட் அல்லது சப்ஃபிரேம் (ஆர்ம்களைத் தாங்கும் துணைச்சட்டம்) மவுண்ட் முதல் சந்தேகம். ஓடும் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து பார்க்காதீர்கள். ஒரு சின்னக் கேமராவைப் பிராக்கெட்டைப் பார்த்தபடி உறுதியாகக் கட்டி, ஆள் இல்லாத இடத்தில் நடை வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டிப் பிரேக் போடுங்கள். படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் புஷ் நசுங்குகிறதா, பிராக்கெட்டே நகர்கிறதா என்று சந்தேகமின்றித் தெரியும்.

சப்ஃபிரேம் தனியாகக் கழற்றக் கூடியது என்றால், அதை ஒட்டுப் போட்டு வெல்டிங் செய்வதைவிட முழுதாக மாற்றுவதே நல்லது. ஒரு சப்ஃபிரேமில் ஓரிடம் இற்றால் மற்ற இடங்களும் அதே வயதுதான்.

அறிகுறி: பின்பக்கம் தனியாகத் திரும்புகிறது

வளைவில் பின்பக்கம் நழுவுவதுபோல ஓர் உணர்வு, நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் சற்றே திரும்பியே இருக்க வேண்டிய நிலை, டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது, அலைன்மென்ட் செய்தும் சில வாரங்களில் மாறிவிடுவது: இவை பின் ஆக்சில் நேராக இல்லை என்பதைக் காட்டும். முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். சில மி.மீ. வித்தியாசம் பரவாயில்லை, அதற்கு மேல் என்றால் தேட வேண்டும். முதலில் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ரெனோ 4 போன்ற சில பழைய வண்டிகளில் குறுக்கே வைத்த டார்ஷன் பார்கள் (முறுக்கில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பிகள்) காரணமாக இரு பக்க வீல்பேஸும், அதாவது முன் பின் சக்கர இடைவெளியும், வடிவமைப்பிலேயே வேறுவேறாக இருக்கும். அங்கே வித்தியாசம் கோளாறே அல்ல.

பட்டை ஸ்பிரிங் வண்டி என்றால் ஸ்பிரிங்கின் முன் முனையைச் சேசிஸோடு பிடிக்கும் முன் ஹேங்கர்தான் ஆக்சிலை முன்னும் பின்னும் பிடித்து நிறுத்துகிறது. பின்னால் இருக்கும் ஷேக்கில் என்ற அசையும் இணைப்பு, ஸ்பிரிங் நீள்வதற்கு இடம் கொடுப்பதற்குத்தான். ஆகவே முன் ஹேங்கரை முதலில் பாருங்கள். ஸ்பிரிங்கின் நடு போல்டு அறுந்து ஆக்சில் நழுவினாலும் இதே அறிகுறி வரும். யூ போல்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று புதிதாக உரசிய தடம் இருந்தால் அது நடு போல்டு. ஹேங்கருக்கும் சேசிஸுக்கும் நடுவில் செம்பழுப்புத் தூள் புதிதாகக் கொட்டியிருந்தால் அது மவுண்ட். அந்தத் தூள் இரண்டு இரும்பு ஒன்றோடொன்று தேய்ந்து வருவது.

எந்த மவுண்ட் அசைகிறது என்று உறுதியானாலும் வண்டியை அதோடு ஓட்ட வேண்டாம். பட்டறைக்குக் கொண்டுபோக மேடை வண்டியில் ஏற்றுங்கள். கயிறு கட்டி இழுத்தால், இழுக்கும் கொக்கி அதே இற்றுப்போன சேசிஸில்தான் மாட்டியிருக்கும்.

கோளாறு தெரிந்தது, போல்டு வரவில்லை

இந்த வேலையில் பொறுமையைச் சோதிப்பது வெல்டிங் அல்ல, போல்டுதான். புஷ்ஷின் நடுவில் இருக்கும் இரும்புக் குழாயும் போல்டும் துருவால் ஒன்றாகிவிடும். நட்டு கழன்றுவிடும், போல்டு ரப்பரோடு சேர்ந்து சுற்றும், வெளியே மட்டும் வராது.

இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விடுங்கள். கழற்றும்போது ஒரே மூச்சில் கழற்றாமல், கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். நட்டைச் சூடாக்குவது நல்ல பலன் தரும். ஆனால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஷாக் அப்சார்பர் எதுவும் பக்கத்தில் இல்லை என்று பார்த்த பிறகே. வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பரையும் திரவம் நிரப்பிய புஷ்ஷையும் சூடாக்கினால் வெடிக்கும்.

எதற்கும் வராவிட்டால் போல்டோடு மல்லுக்கட்டாதீர்கள். இற்றுப்போன பிராக்கெட்டைப் பெரிய சுத்தியலால் அடித்தால் மிச்சமிருக்கும் நல்ல தகடும் கிழியும். புஷ்ஷுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரம்பத் தகட்டை நுழைத்து இரு பக்கமும் போல்டை அறுத்துவிடுங்கள். புஷ்ஷும் போல்டும் எப்படியும் புதிதாகத்தான் போடப்போகிறோம். பெட்டிச் சேசிஸுக்குள் ஒட்டவைத்த நட்டு பிடிப்பு விட்டு உள்ளேயே சுற்றினால், பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும். வெட்டிய துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்; அதையே திரும்ப வைத்து வெல்டிங் செய்யலாம்.

வெட்டும் முன் அளவு எடுங்கள்

அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. மவுண்டின் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான் சக்கரம் எங்கே நிற்கும் என்பதை முடிவு செய்கிறது. வெட்டி எடுத்த பிறகு "இங்கேதான் இருந்தது" என்று கண்ணால் வைக்க முடியாது. போல்டு ஓட்டையின் மையத்திலிருந்து, துருப்பிடிக்காத குறைந்தது மூன்று நிலையான புள்ளிகளுக்கு அளவு எடுத்து எழுதுங்கள். சேசிஸின் குறுக்கே மூலைவிட்ட அளவும் எடுங்கள். எதிர்ப்பக்க மவுண்ட் நன்றாக இருந்தால் அதையும் அளந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் ஒப்பிடுங்கள். முடிந்தால் ஓட்டை வழியாக ஒரு கம்பியைப் போட்டு, அதை நல்ல இரும்போடு தற்காலிகமாக முட்டுக் கொடுத்து வெல்டிங் செய்துவிடுங்கள். புதுப் பிராக்கெட் அந்தக் கம்பியிலேயே கோத்து உட்காரும்.

இரண்டு பக்கமும் இற்றிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் வெட்ட வேண்டும். கதவு இடைவெளியை அடிக்கடி பாருங்கள். கதவு உரசத் தொடங்கினால் பாடி தொய்கிறது. வேலையை நிறுத்தி முட்டு கொடுங்கள்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

பளிச்சென்ற இரும்பு வரும் வரை வெட்டுங்கள். சாக்பீஸ் கோட்டிலிருந்து இன்னும் 2 அல்லது 3 செ.மீ. வெளியே போங்கள். மனசு வராது, தெரியும். கைப்பிடி அளவு துருவுக்கு இவ்வளவு பெரிய ஓட்டையா என்று இருக்கும். ஆனால் மெலிந்த விளிம்பில் வெல்டிங் நிற்காது. வெல்டிங்கின் மின்வில் பட்டதுமே தகடு உருகிப் பின்வாங்கும், ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும். வெல்டிங் செய்பவர் "தகடு பிடிக்கவே மாட்டேங்குது" என்றால், இன்னும் வெட்ட வேண்டும் என்று பொருள்.

உள்ளே இரண்டாவது அடுக்கு இருந்தால் அதை முதலில் சரி செய்துவிட்டுத்தான் வெளி அடுக்குக்கு வர வேண்டும். அட்டையில் வடிவம் வெட்டி, பொருத்திப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டுங்கள். தகடு மூலத் தகட்டின் கனமே இருக்கட்டும், அல்லது சற்றே கூடுதலாக. 2 மி.மீ. தகட்டோடு 5 மி.மீ. பட்டையைச் சேர்த்தால் பலம் கூடாது. அந்தப் பட்டை வளையாது என்பதால் வளைவு முழுவதும் அதன் விளிம்பில் குவியும்; சில மாதங்களில் வெல்டிங்கை ஒட்டியே தகடு கிழியும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் விரிசலின் பிறப்பிடம்.

வெல்டிங் தொடங்கும் முன் பேட்டரியின் இரு முனைகளையும் கழற்றுங்கள். எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்கு மிக அருகில், சுத்தமான இரும்பில் மாட்டுங்கள். தூரத்தில் சக்கரத்தில் மாட்டினால் மின்சாரம் வீல் பேரிங் வழியாக ஓடி அதைக் கெடுக்கும். பெட்ரோல் டேங்க், குழாய்கள், ஒயர்கள் பக்கத்தில் இருந்தால் கழற்றி நகர்த்துங்கள். தகட்டின் மறுபக்கம், கார்ப்பெட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அண்டர்கோட்டும் மெழுகும் பற்றி எரியும். தீயணைப்பானோடு ஒருவர் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கட்டும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் வண்டியைத் தனியே விட்டுப் போகாதீர்கள்.

இன்னொன்றும் கட்டாயம் சொல்ல வேண்டும். சில பிரேக் கிளீனர்களில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும். அதால் துடைத்த இடத்தில் வெல்டிங் வில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, குளோரின் இல்லாததை மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் முழுக்கக் காய்ந்த பிறகு. துத்தநாகம் பூசிய தகடு என்றால் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, காற்றோட்டத்தில் செய்யுங்கள். அந்தப் புகை காய்ச்சலை வரவழைக்கும்.

மெல்லிய தகட்டுக்கு 0.6 அல்லது 0.8 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டிங் வசதியானது. முதலில் நான்கு பக்கமும் புள்ளி வைத்து, அளவைத் திரும்பச் சரி பாருங்கள். இது மறக்கக் கூடாத இடம். பிறகு ஓரிடத்தில் ஒரு விரல்கடை, எதிர்ப்பக்கத்தில் ஒரு விரல்கடை என்று மாறி மாறி அடியுங்கள். ஒரே ஓட்டமாக அடித்தால் சூட்டில் தகடு முறுக்கி ஓட்டை இடம் மாறிவிடும். ஸ்பாட் வெல்டிங் இருந்த இடங்களில் மேல் தகட்டில் 8 மி.மீ. ஓட்டை போட்டு அதை நிரப்பும் முறையில் வெல்டிங் செய்யலாம். அடித்தகடு உருகிச் சேர்ந்ததா என்று மறுபக்கத்தில் சூட்டுத் தடம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வெல்டிங்கில் நல்ல பழக்கம் இல்லாதவர் மவுண்டில் கற்றுக்கொள்ள வேண்டாம். சுத்தம் செய்வது, அளவு எடுப்பது, வெட்டுவது, அட்டை வடிவம் செய்வது எல்லாம் நீங்களே செய்துவிட்டு, வெல்டிங்கை மட்டும் தேர்ந்தவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது துருவின் மேல் ஒட்டக் கூடாது என்று வாய் திறந்து சொல்லுங்கள். ஃபைபர் துணி, பட்டி, நுரை அடைப்பு இவை எதற்கும் இந்த இடத்தில் வேலை இல்லை.

அப்போது துரு மாற்றும் திரவம்? பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ கலந்த அந்தத் திரவங்கள் மேல் துருவை நிலையான கருந்தோலாக மாற்றும். தகட்டின் கனம் குறையாமல், மேலே மட்டும் செம்மை படர்ந்த இடத்துக்கு நல்லது. போன இரும்பு அதனால் திரும்பி வராது.

பூச்சு, மெழுகு, இறுக்கம்

வெல்டிங்கைத் தேவைக்கு மேல் அரைத்து மெலிதாக்காதீர்கள். எபாக்ஸி பிரைமர், அதன் மேல் தையல் அடைப்பு, அதன் மேல் கல்லடி தாங்கும் பூச்சு. இவை காய்ந்த பிறகு பெட்டிக்குள் நீளக் குழாய் விட்டு மெழுகு தெளியுங்கள். வெல்டிங்கின் உள்பக்கத்தில் பெயின்ட் எரிந்து வெறும் இரும்பாக நிற்கும்; அங்கே மெழுகு போகாவிட்டால் புதுத் தகடு பழையதைவிடச் சீக்கிரம் இற்றுப்போகும். தெளித்து முடித்ததும் வடிகால் ஓட்டைகளில் கம்பி விட்டுத் திறந்து வையுங்கள்.

புதுப் புஷ்ஷின் போல்டை சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. ரப்பர் புஷ் பெரும்பாலும் முறுக்கில் வேலை செய்வது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். எல்லாப் போல்டையும் கையிறுக்கமாக விட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நான்கைந்து முறை அமுக்கி ஆட்டி, கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு, அதாவது முறுக்கு விசைக்கு, இறுக்குங்கள். புஷ் குழாய்க்குள் போகும் போல்டின் தண்டில் துருத் தடுப்பு கிரீஸ் பூசலாம். மரையில் பட்டால் டார்க் அளவு பொய்யாகிவிடும், துடைத்துவிடுங்கள். பிறகு அலைன்மென்ட்.

பழுது பார்த்த பிறகும் அறிகுறி தொடர்ந்தால்

சத்தம் உடனே திரும்பி வந்தால் போல்டு இறுக்கத்தைப் பாருங்கள். புதுப் பெயின்ட் பிராக்கெட்டுக்கும் புஷ் குழாய்க்கும் நடுவில் தடித்து நின்று, நசுங்கியதும் போல்டு தளர்வது உண்டு. சேரும் முகங்களில் பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். அலைன்மென்ட் எல்லைக்குள் வரவே இல்லை என்றால் ஓட்டை இடம் மாறிவிட்டது. நீங்கள் எழுதிவைத்த அளவுகளோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியும். வெல்டிங்கை ஒட்டி, அதற்கு இணையாக மயிரிழை விரிசல் தெரிந்தால் தகடு கனம் கூடியிருக்கிறது அல்லது சூடு அதிகமாகியிருக்கிறது. விரிசலின் மேலேயே மறுபடி அடிக்காமல், அந்த ஒட்டுத் தகட்டை எடுத்துவிட்டுப் பெரிதாக வெட்டிச் செய்யுங்கள். தையலிலிருந்து மழைக்குப் பிறகு பழுப்பு நீர் ஒழுகினால் உள்ளே துரு மிச்சமிருக்கிறது.

ஒரே பக்கச் சேசிஸில் முன் மவுண்ட், பின் மவுண்ட், நடுவில் ஜாக்கி இடம் மூன்றுமே ஸ்க்ரூடிரைவருக்கு இடம் கொடுத்தால், ஒவ்வொன்றாக ஒட்டுவதற்கு நல்ல இரும்பே மிச்சமில்லை. அந்த வண்டிக்கு முழுச் சேசிஸ் பகுதியையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஓட்டுவதை நிறுத்த வேண்டும்.

சரி செய்த மவுண்டில் புதிதாக ஒரு சாட்சிக் கோடு இழுத்து வையுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை, 1000 கி.மீ.யில் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அடியைக் கழுவி, வடிகால் ஓட்டையில் கம்பி விட்டு, அதே சுத்தியலால் அதே இடத்தைத் தட்டுங்கள். "டிங்" கேட்டால் மெழுகை மட்டும் புதுப்பித்துவிட்டு எழுந்திருக்கலாம்.